பதினொரு வாசலில் தேய்பிறை

"அக்கா, பகல்ல நிலா எதுக்கு வருது?"

போன ஆடி மாதத்தில் ஒரு காலை, வாயில் பற்பசை நுரையோடு என் தங்கை கவிப்பிரியா கேட்ட கேள்வி இது. அவள் நாலாம் வகுப்பு. நான் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியிலும் சேராமல், வேலையும் கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். இயற்பியலில் எண்பத்தொரு மதிப்பெண் வாங்கியவள். பதில் தெரியவில்லை. "மொதல்ல வாயைக் கொப்பளி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அதே வாரத்தில்தான் எங்கள் வீட்டுச் சுவரில் முதல் குறியைப் பார்த்தேன்.

எங்கள் தெரு திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு வெள்ளையடித்துவிடுவோம். அதற்குப் பிறகு தெரு எங்களுடையது இல்லை. காவடி எடுத்து வருகிறவர்கள், மொட்டையடித்துச் சந்தனம் பூசியவர்கள், சித்தூர், புத்தூர் பக்கத்திலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் வாசலில் படுப்பார்கள், எங்கள் குழாயில் குளிப்பார்கள். நாங்கள் யாரையும் விரட்டமாட்டோம். ஆனால் செருப்பைக்கூட வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டு, எல்லோரையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்போம்.

குறி கதவுக்கு வலப்பக்கம், என் இடுப்பு உயரத்தில் இருந்தது. கரியால் போட்ட ஒரு வட்டம், ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பு தீட்டியது. மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொரு வட்டம் வந்தது. அதில் கறுப்பு கூடுதலாக இருந்தது. அதற்கு மறுநாள் மூன்றாவது. கிருத்திகையன்று ஆறாவது வட்டத்தில் சரிபாதி கறுப்பு.

"யாரோ நாள் எண்ணிக்கினு போறாங்கடி" என்றாள் அம்மா கௌரியம்மாள்.

நைனா, எங்கள் அப்பா, ஆட்டோ ஓட்டுகிறவர். புதுச் சுண்ணாம்பில் கரியைப் பார்த்ததும் கத்தினார். "எவன்டா அவன்? கையை முறிச்சிடுவேன்!"

அம்மா கரண்டியும் கையுமாக நின்று கவிப்பிரியாவைக் கேட்டாள். "நீ எதுனா கிறுக்குனியா?" அவள் இல்லை என்று தலையாட்டினாள். நான் நம்பினேன்.

சும்மா இருக்கிறவளுக்கு வேறு என்ன வேலை? எங்கள் தெருவையும் பக்கத்து இரண்டு தெருவையும் சுற்றி வந்தேன். பதினொரு வீட்டில் அதே வட்டங்கள், அதே வரிசை. பதினொரு வீட்டிலும் எட்டு, ஒன்பது வயதில் ஒரு பிள்ளை இருந்தது. சின்னப் பிள்ளை இல்லாத ஒரு வீட்டிலும் குறி இல்லை.

அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற பக்தவச்சலம் ஐயாதான் எங்கள் தெரு வாட்ஸப் குழுவை நடத்துகிறவர். அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, வட்டங்களை விரலால் எண்ணினார்.

"இன்னும் ஆறு நாள்ல இது முழுசா கறுப்பாயிடும். அன்னைக்கு இன்னா நாளு?"

"ஆடி அமாவாசைங்க."

"ஆங். அன்னைக்குத்தான் வேலையைக் காட்டுவானுங்க. எழுதி வெச்சுக்கோ."

கணக்கு சரியாக இருந்தது. அதனால்தான் எல்லோரும் நம்பினோம்.

கிருத்திகைக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நீலச் சுடிதார், தோளில் காவி நிறப் பை, தலையில் துப்பட்டா. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். எங்கள் எதிர்வீட்டுச் சுவரில் இருந்த வட்டங்களைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். அடுத்த வீட்டிலும் அதையே செய்தாள். ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்தேன். முகம் பாதிதான் விழுந்தது.

"இந்தப் பெண், குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குக் குறி போட்டு நோட்டம் பார்க்கிறாள். அமாவாசைவரை எச்சரிக்கையாக இருக்கவும். அனைவருக்கும் பகிரவும்."

இந்த மூன்று வரியையும் எழுதியது நான்தான். என் பெயர் விஜி. வேறு யாரோ எழுதியதாக இங்கே சொல்ல எனக்கு மனமில்லை.

பத்து மணிக்கு கே.ஜி.கண்டிகை டீக்கடையில் என் படத்தைப் பார்த்ததாக அத்தை போன் செய்தாள். மாலையில் அரக்கோணத்துப் பெரியப்பாவிடமிருந்து அதே படம் எனக்கே திரும்பி வந்தது. அதில் நான் எழுதாத ஒரு வரி சேர்ந்திருந்தது: "ஏற்கெனவே இரண்டு குழந்தைகளைக் காணவில்லை." அதைப் படித்ததும் எனக்கு ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. நான் சந்தேகப்பட்டது சரி என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் வரும்போது பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தோம். நைனா ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தினார். எதிர்வீட்டு பூவம்மாள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பக்தவச்சலம் ஐயா பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். இஸ்திரிக் கரித்துண்டு இரண்டு, ஒரு எலுமிச்சம்பழம், சாப்பாட்டு டப்பா, நோட்டு. நோட்டைத் திறந்து உரக்கப் படித்தார். பதினொரு பிள்ளைகளின் பெயர், பக்கத்தில் வீட்டு அடையாளம்.

"கரி, எலுமிச்சம்பழம், பிள்ளைங்க பேரு! இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு?"

"நான் டீச்சருங்க" என்றாள் அவள். "இங்க தொடக்கப் பள்ளியில... நாலாவதுக்கு."

"எத்தினி வருசமா?"

"ஜூன்லதான் சேர்ந்தேன். தற்காலிகமா."

"கார்டு காட்டு."

"இன்னும் குடுக்கலைங்க."

"எல்லாத் திருடியும் இதைத்தான் சொல்லுவா" என்று யாரோ பின்னால் சிரித்தார்கள். நைனா போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் சீருடைச் சட்டையை மாட்டியும் மாட்டாமலும் கவிப்பிரியா ஓடிவந்தாள்.

"மிஸ்!"

தெரு அமைதியானது. அம்மா அவளைப் பிடித்து உலுக்கினாள். "உன் மிஸ்ஸா? அப்போ இந்த வட்டம்?"

"நான்தான் போட்டேன்."

"ஏண்டி அன்னைக்கே சொல்லல?"

"நைனா கையை முறிப்பேன்னாரு. வீட்ல யாரையும் கேக்கக் கூடாதுன்னு மிஸ்ஸும் சொன்னாங்க."

அவ்வளவுதான். அடங்கிய கூட்டம் மறுபடி கிளம்பியது. "கேட்டீங்களா, வீட்ல சொல்லாதேன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கா!" என்று பூவம்மாள் பிடியை இறுக்கினாள்.

கவிப்பிரியா அழ ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். அவள் கீழே கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். ஆட்டோவின் நிழலைவிட்டு வெயிலுக்கு வந்து, கையை மேலே நீட்டினாள்.

"நைனா, இங்க வா. ஒரு கண்ணை மூடு. பழத்துக்குப் பக்கத்துல பாரு."

எதற்கென்றே தெரியாமல் நைனா அவள் உயரத்துக்கு முட்டி மடக்கி உட்கார்ந்தார். பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"அட."

நானும் போய்க் குனிந்து பார்த்தேன். வெளுத்த வானத்தில், தலைக்குமேல் கொஞ்சம் கிழக்கே, மெல்லிய நிலா இருந்தது. பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல நிமிர்ந்து நிற்கவில்லை. படகுபோலச் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் எலுமிச்சம்பழம். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் பழத்தில் வெளிச்சம், மற்றதெல்லாம் நிழல். அந்த வெளிச்சமும் அதே படகு, அதே சாய்வு. சுவரில் கடைசி வட்டத்தில் கரி படாமல் விட்டிருந்த வெள்ளையும் அதுவேதான்.

"சூரியன் அங்க கீது. அந்தப் பக்கம்தான் வெளிச்சம் படும்" என்றாள் கவிப்பிரியா. "நிலா பூமியைச் சுத்திகினே போவுதில்ல, அதான் நமக்குத் தெரியுற வெளிச்சம் தினம் கம்மியாவுது. அமாவாசைக்கு வெளிச்சமெல்லாம் அந்தாண்ட போயிடும். நமக்குக் காட்டாது."

நைனா எழுந்தார். "சார், நீங்களும் வந்து பாருங்க."

"எனக்கு முட்டி மடங்காதுப்பா" என்றார் பக்தவச்சலம் ஐயா.

"அப்போ பழத்தை ஒசத்திப் புடிக்கச் சொல்றேன்."

அவர் பார்த்தார். நோட்டைப் பையில் வைத்தார். பூவம்மாள் மணிக்கட்டை விட்டாள். அதில் வளையல் அழுந்திய தடம் சிவந்திருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல" என்று டீச்சர்மேலேயே பழியைப் போட்டுவிட்டு ஆளாளுக்குக் கலைந்தார்கள்.

அன்று மாலையே பள்ளித் தாளாளர், அந்த டீச்சர் சுசித்ராவைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். படம் அவருக்கும் வந்திருந்தது. உண்மை என்ன என்று நான் எழுதி எல்லாக் குழுவுக்கும் அனுப்பினேன். எங்கள் தெருவில் பதினான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். வேறெங்கும் அது போகவில்லை. படம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் அம்மையார்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். டீச்சரின் ஊர் அது. இறங்கியதிலிருந்து விசைத்தறிச் சத்தம். அந்த வீட்டைக் கேட்டபோது மூன்று பேர் என்னை நிறுத்தி விசாரித்தார்கள். "யாரு நீ? எந்த ஊரு? எதுக்குக் கேக்குற?" நான் அந்தப் பெண்ணைப் பார்த்த அதே பார்வை இப்போது என்மேல் விழுந்தது.

டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார். என் கையைப் பார்த்தார்.

"போனை உள்ள வைம்மா. மொதல்ல அதை உள்ள வை."

வைத்தேன். படம் எடுத்தது நான் என்று சொன்னேன். உள்ளே அவர் அப்பா துரைக்கண்ணு தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "யாரும்மா அது?" "நாலாவது படிக்கிற பிள்ளையோட அக்கா, நைனா" என்றார் டீச்சர். அதற்குமேல் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்று அவர் சொன்னதிலிருந்துதான் எனக்கு அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பயிற்சி முடித்த பிறகு வேலை கிடைக்காமல் அரக்கோணத்தில் நாலு வருடம் ஜவுளிக்கடையில் நின்றிருக்கிறார். திருத்தணியில் இடம் கிடைத்ததும் தினமும் விடியுமுன் முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். பயிற்சிக் காலத்தில் ஒரு பையன் அவரிடம், பகலில் நிலா ஏன் வருகிறது என்று கேட்டானாம்.

"நிலா ராத்திரிதான் வரும், உக்காருன்னு அதட்டிட்டேன். அவன் உக்காரல. ஜன்னலைக் காட்டினான். நிலா அங்க இருந்தது. இருபத்திரண்டு வயசு வரைக்கும் நான் மேல பார்த்ததே இல்ல, விஜி. புத்தகத்தை மட்டும் பார்த்து முழு மார்க் வாங்கிட்டேன்."

அதனால்தான் இந்த வருடம் நோட்டில் வரையச் சொல்லவில்லையாம். முதலில் சொல்லிப் பார்த்திருக்கிறார். பௌர்ணமியன்றுகூட எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தில் இருந்த அதே பிறையை வரைந்துவந்தார்கள். வீட்டில் கேட்டால் பெரியவர்கள் காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அதனால் யாரையும் கேட்கக் கூடாது, காலையில் வாசலில் நின்று, பார்த்ததைப் பார்த்த உடனே, தான் கொடுத்த கரித்துண்டால் சுவரில் வரைய வேண்டும் என்று சொன்னார். சரியாகப் போட்டார்களா என்று பார்க்கத்தான் பள்ளிக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு வந்தார்.

"கேக்காதேன்னு சொன்னது என் தப்பு. பெத்தவங்களுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கணும்."

"உங்க தப்பு அவ்ளோதான் டீச்சர்" என்றேன்.

"உன்னுது?" என்றார். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பெற்றோர்கள் எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்று தாளாளர் நைனாவிடம் சொன்னார். பதினொரு வீட்டுக்கும் நான் ஏறி இறங்கினேன். நைனா முதலில் கையெழுத்துப் போட்டார். பூவம்மாள் மூன்றாவதாகப் போட்டாள். ஒன்பது பேர் ஆனார்கள். பக்தவச்சலம் ஐயாவின் பேரனும் அந்த வகுப்புதான். அவர் பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"டீச்சர்மேல தப்பு இல்லதான். ஆனா இவ்ளோ ஊருக்குப் போயிருக்குதே. நெருப்பு இல்லாம எப்படிம்மா புகையும்?"

"நெருப்பு நான்தான் ஐயா. என் போன்லேர்ந்துதான் போச்சு."

அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடிதம் ஒன்பது கையெழுத்தோடு தாளாளர் மேசையில் இருக்கிறது. அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் ராணிப்பேட்டையில் ஒரு குழுவில் அந்தப் படம் மறுபடி வந்ததாம். அதில் இப்போது டீச்சரைக் கைது செய்துவிட்டதாக எழுதியிருக்கிறதாம்.

அந்தப் படம் உங்களுக்கும் வரலாம். நீலச் சுடிதார், காவி நிறப் பை, பாதி முகம், பின்னால் சுவரில் கரி வட்டங்கள். அவர் பெயர் சுசித்ரா. நாலாம் வகுப்பு ஆசிரியை. வந்தால் அழித்துவிட்டுப் போய்விடாதீர்கள். யார் அனுப்பினார்களோ அவர்களுக்கே இந்தக் கதையை அனுப்புங்கள், அவர்களுக்கு அனுப்பியவர்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நான் எழுதிய மூன்று வரி போன ஊர்களுக்கெல்லாம் இதுவும் போய்ச் சேரவேண்டும்.