சிறை வண்டியில் போன விசாரணை

பெற்றவர்கள் அந்த அம்மாவுக்கு வைத்த பெயர் என்னவோ, அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. வெந்நீர் மேடம் என்றுதான் சொல்வார்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரியே எப்போதும் நிற்கிற ஆள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் குறைவு. மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் கணவருக்குக் காலையில் ஒரு கிண்டலாவது பண்ணியாக வேண்டும்.

"உன்னை ஒரு ஃபேன்ல மாட்டிவிட்டா கரண்ட் பில்லே வராது போலிருக்கே!"

"வேலையத்த பேச்சு பேசாதீங்க. குடையை எங்க வச்சீங்க?" என்பதற்குள் மேடம் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

இருபது வருஷத்துக்கு மேல் போலீஸ் உத்தியோகம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததால் பதவி உயர்வு அவர் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்துக்கு ஞானோதயம் வந்தது. சிறைக்குள்ளே பெண்ணையோ ஆணையோ ஒருவன் நாசம் செய்தால், அதுவரை அந்தச் சிறைத்துறையேதான் விசாரித்துக்கொண்டிருந்தது. அடித்தவனே வந்து காயத்தை அளந்து பார்க்கிற கூத்து! இனி தனிப் பிரிவு விசாரிக்கும், வழக்கு நடத்தும், அதற்கென்று தனி நிதி என்று அறிவித்தார்கள். யாரும் போக விரும்பாத அந்தப் பிரிவை மேடத்தின் தலையில் கட்டினார்கள். துணைக்கு, ஓய்வு பெறப்போகிற ஒரு ஏட்டய்யா.

நிதி வரத்தான் செய்தது. அதில் ஒரு கேமரா, ஏசி, சோபா, பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் வாங்கி, விசாரணை அறை என்று போர்டு மாட்டினார்கள். வண்டி மட்டும் கிடையாது. நிதி அதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டார் மேடம்.

"கருவி வாங்கத்தாம்மா இந்தப் பணம். வண்டி அதுல வராது."

"செருப்பு வருமா சார்? நடந்தாவது போறோம்."

அதிகாரி சிரிக்கவில்லை. ஆக, கைதியை அந்த அழகான அறைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் சிறை வண்டியில், சிறைக் காவலர் பாதுகாப்பில்தான் கொண்டுவர வேண்டும். எந்தப் பைத்தியக்காரி வருவாள்? ஆளில்லாத அறையில் ஏசி மட்டும் ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. மேடம் கேமராவைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் சிறைக்குப் போய்வந்தார். நிதியாண்டு முடிவதற்குள் ஒரு வழக்காவது கோர்ட்டுக்குப் போகாவிட்டால் பிரிவை மூடிவிடுவோம், புகார்கள் பழையபடி சிறைத்துறைக்கே போகும் என்று மேலிடம் வேறு சொல்லிவிட்டது.

கையில் இருந்தது ஒரே ஒரு புகார். வீட்டு வேலை செய்த ஒரு பெண், முதலாளியம்மாவின் வளையலைத் திருடினாள் என்று விசாரணைக் கைதியாக உள்ளே கிடந்தாள். ஜாமீனுக்கு ஆளில்லை. தெருவோரத்தில் துணி தேய்க்கும் அவளுடைய அக்காதான் அலுவலகப் படியேறி வந்து அழுதாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு, காவலுக்கு வந்தவன் என் தங்கச்சிய நாசம் பண்ணிட்டான் மேடம். முழுசா சொல்ல மாட்டேங்கறா. கேட்டா அழறா."

மேடம் ஆஸ்பத்திரியைச் சல்லடை போட்டுச் சலித்தார். வார்டு, ஸ்கேன் அறை, பின்பக்கப் படிக்கட்டு என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு நர்ஸுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்ணோ முதல் தடவை வாயே திறக்கவில்லை. அடுத்த தடவை கொஞ்சம் அழுதாள். மூன்றாவது தடவை, "அடுத்த வாட்டி வாங்க மேடம், சொல்லிடறேன்" என்றாள். மேடத்துக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

அந்த அடுத்த வாட்டி பார்த்து பஸ் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கைதிகளைப் பார்க்கும் நேரம் கரைந்துகொண்டிருக்க, மேடம் நிறுத்தத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அந்த வழியாக வந்த சிறை வண்டி ஓரம்கட்டியது.

"ஏறுங்க மேடம், நானும் அங்கதான் போறேன்" என்றார் டிரைவர்.

வேண்டாம் என்று மனம் சொன்னது. கால் கேட்டால்தானே! முன்சீட்டில் ஏறிக்கொண்டார். டிரைவர் நல்ல மனுஷர். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், மகள் பரீட்சைக்குக் கண்விழித்துப் படிப்பதைப் பெருமையாகச் சொன்னார். பெண்கள் பகுதிக்கு எதிரிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். மாடி ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. மேடம் கையசைத்தார். முகம் மறைந்துவிட்டது.

உள்ளே போனால், அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் நடக்கல மேடம். நான்தான் பொய் சொன்னேன்."

எவ்வளவு கெஞ்சியும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அன்று ராத்திரி மேடம் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக அலைந்தார். "யாரோ மிரட்டியிருக்காங்க" என்று கணவரிடம் பொருமினார். சிறைக் கண்காணிப்பாளர் போனில் தேனாகப் பேசினார்: "பொய்ப் புகார்னு எழுதி முடிச்சிடலாமே மேடம், உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்." மேடம் போனை டொக்கென்று வைத்துவிட்டார்.

அடுத்த பார்வையாளர் நாளில் அதிகாரிகள் வாசல் வழியாகப் போகாமல், கைதிகளின் குடும்பங்கள் நிற்கும் வரிசையில் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார். ஏட்டய்யாவை வாசலில் இருக்கச் சொல்லியிருந்தார். அக்கா இவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா கோபம்?"

"அந்த வண்டியில ஜம்முனு வந்து இறங்கினீங்களாமே. அப்புறம் எவ வாயத் திறப்பா?"

"பஸ் வரல, அதனாலதான்..."

"ஆஸ்பத்திரியில என்னத்தத் தேடினீங்க மேடம்? நடந்ததே அந்த வண்டிக்குள்ளதான்! நேத்து கோர்ட்டுல பார்த்தப்பதான் என்கிட்ட சொல்லி அழுதா."

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வண்டியில், சொகுசாக, தண்ணீர் குடித்துக்கொண்டு, அவள் கண்ணெதிரிலேயே! போதாததற்குக் கையை வேறு ஆட்டினோமே! யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்று பொருமியது வெட்கமாக இருந்தது.

வக்கீல்கள் பேசும் சின்ன அறையை அடம்பிடித்து வாங்கினார். அக்காவும் கூட இருந்தாள். அந்தப் பெண் வந்து சுவரோரமாக நின்றாள்.

"தப்பு என்னுதும்மா. அந்த வண்டின்னு எனக்குத் தெரியாது. தெரியாட்டியும் நான் ஏறியிருக்கக் கூடாது. இன்னிக்கு பஸ்லதான் வந்தேன். இனிமேலும் பஸ்லதான் வருவேன். நீ இன்னிக்கு ஒண்ணும் சொல்லாட்டியும் பரவாயில்ல."

அவள் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். பிறகு கேட்டாள்: "நீங்க முன்சீட்லதானே உக்காந்தீங்க?"

"ஆமாம்மா."

"பின்னாடி பேசினா அங்க கேக்குமா மேடம்?"

"நடுவுல வெறும் கம்பி வலைதானே. நல்லாவே கேக்கும்."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றாள் அவள். "நான் கத்தினேன். டிரைவரண்ணே, டிரைவரண்ணேன்னு கத்தினேன். அவரு ரேடியோ சத்தத்தைக் கூட்டிட்டாரு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். காவலன் யார், வண்டியை எங்கே மரநிழலில் நிறுத்தினார்கள், டிரைவர் எப்போது டீ குடிக்க இறங்கிப் போனார் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் நிறுத்தி அழுதாள், மறுபடி சொன்னாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

மேடம் வெளியே வந்தபோது முற்றத்தில் சிறை வண்டி நின்றது. அதே டிரைவர் எட்டி முன்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க மேடம். பஸ்ஸுக்கு ஏன் காத்துக் கிடக்கணும், ஸ்டாண்ட்ல விட்டுடறேன்."

மேடம் வாசலைப் பார்த்து ஏட்டய்யாவைக் கையைக் காட்டி அழைத்தார். பிறகு டிரைவரிடம் திரும்பினார்.

"நீங்க இறங்குங்க. வண்டியை நாங்க எடுத்துக்கறோம்."

டிரைவர் ஸ்டியரிங்கை விடவில்லை. "நான் ஒண்ணுமே பண்ணலையே மேடம்!"

"அதைப் பத்தித்தாங்க விசாரிக்கணும்" என்றார் மேடம். "இறங்குங்க."