சத்தமாகப் பேசுகிற வீடு

சோமனூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கும் தறி குடோனுக்கும் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் பன்னிரண்டு விசைத்தறிகள், இந்தப் பக்கம் நாங்கள். அப்பாவும் அம்மாவும் அதே குடோனில் கூலிக்குத் தறி ஓட்டினார்கள். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது தறிச் சத்தத்தில் நன்றாகத் தூங்குவான். கரண்ட் போய் எல்லாம் நின்றால்தான் திடுக்கிட்டு அழுவான். வீட்டில் உப்பை எடு என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்வோம். எங்களுக்கு அது சாதாரணப் பேச்சு.

நாற்பது வயதிலேயே அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அப்பா முதலாளியிடம் போய்ச் சொன்னார். காதில் பஞ்சை வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார் அவர். தறிக்கு எண்ணெய் போட்டாயிற்றா என்று தினமும் கேட்கிற மனிதர், ஆளின் காதைப் பற்றி அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

என்னை முதன்முதலில் பெண் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தறிக்கு லீவு. தறிகள் நின்றிருந்தும் எங்கள் குரல் இறங்கவில்லை. காபி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா உபசரித்த சத்தத்தில் மாப்பிள்ளையின் அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் தரகர் வந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், ஆனால் சண்டைக்கார வீடாகத் தெரிகிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் என்ன சண்டை போட்டோம்? வந்தவர்கள் உடுத்தியிருந்த துணி இப்படி ஏதோ ஒரு குடோனில்தானே நெய்திருப்பார்கள்? துணி வேண்டும், அதை நெய்தவளின் குரல் மட்டும் ஆகாதாம்.

அந்தக் கோபத்தை நான் யாரிடம் காட்டினேன்? அம்மாவிடம். அடுத்து வந்தது காந்திபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். அவர்கள் வருவதற்கு முன்பே அம்மாவை உட்காரவைத்து, அவர்கள் கிளம்பும்வரை வாயைத் திறக்கக் கூடாது, சிரித்தால் போதும் என்று சொன்னேன். அம்மா தலையாட்டினார். மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற இடத்தில் ஒரு தாய்க்குக் கேட்கவும் சொல்லவும் எவ்வளவோ இருக்கும். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பந்தம் கூடிவிட்டது.

கல்யாணம் முடிந்து அம்மா முதல்முறை என்னைப் பார்க்கக் காந்திபுரம் வந்தார். அன்று நான் சொன்னதை அவர் கல்யாணத்திலும் மீறவில்லை, இங்கேயும் சிரிப்போடு சரி. உறவுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் மாமியார் என்னிடம் பெருமையாகச் சொன்னார்:

"உங்கம்மா எத்தன அடக்கம் பாரு அம்மணி. அதிர்ந்து ஒரு வார்த்த பேசறதில்ல."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அடக்கமெல்லாம் இல்லீங்க அத்தை. தறிச் சத்தத்துல அம்மாவுக்குக் காது போயிருச்சுங்க. மெதுவாப் பேச வராது. நாந்தான் பேசக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேனுங்க."

பக்கத்திலேயே இருந்த அம்மாவுக்கு அந்தப் புகழ்ச்சியும் கேட்கவில்லை, நான் ஒப்புக்கொண்டதும் கேட்கவில்லை. சிரித்தபடியே இருந்தார். எனக்கு என்மேலேயே ஆத்திரம். எழுந்துபோய் அவர் காதருகே, எங்கள் வீட்டில் பேசுகிற அதே குரலில் கத்தினேன்.

"பேசுங்கம்மா."

அம்மா பயந்துபோய் எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அருகில் இழுத்து, வராத மெல்லிய பேச்சை எப்படியோ வரவழைத்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்:

"நீ நம்ம ஊட்டுக்கு வந்தப்புறம் பேசிக்கலாம், கண்ணு."