கயிறு புரொஜெக்டருக்கு மட்டும்தான்

இசக்கிமுத்து அண்ணன் செத்துப்போனார். நேற்று மதியம், குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், மேலே புரொஜெக்டர் மாட்டும்போது விழுந்து.

இயற்கை எய்தினார் என்று எழுதக் கை வரவில்லை. இதில் இயற்கை எங்கே இருக்கிறது?

தென்காசியில் ஒரு வாடகைக் கடையில் அவரும் நானும் நாலு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். கல்யாணம், காதுகுத்து, ஸ்கூல் ஆண்டு விழா, கட்சிக் கூட்டம்... எங்கே திரை கட்டச் சொன்னாலும் நாங்கள் ரெண்டு பேர்தான் போவோம்.

ஒருவர் மேலே ஏறினால் இன்னொருவர் கீழே மேஜையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அது கடை போட்ட ரூல் இல்லை. நாங்களே வைத்துக்கொண்டது.

மேலே பைப்பில் கிளாம்ப் போட்டு புரொஜெக்டரை முறுக்கிய பிறகும், தனியாக ஒரு நைலான் கயிறு போட்டு ரெண்டு சுற்றுக் கட்டுவார். கிளாம்ப் வழுக்கினாலும் மெஷின் கயிற்றில் தொங்கும், யார் தலையிலும் விழாது. நேரமாகுது, கிளாம்ப் போதும்ணே என்று ஒருநாள் சொன்னேன்.

"கீழ பச்சப் புள்ளைய மடியில வச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருப்பா. நீ ஸ்குரூவ எத்தன திருகு திருகுனன்னு அவளுக்குத் தெரியுமாலே?"

அதற்குப் பிறகு கயிற்றை நானே எடுத்து நீட்டுவேன்.

ஒரு ஸ்கூல் விழா. பெரிய மனுஷர் ஒருத்தர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு நேராக வந்து நின்றுவிட்டார். பக்கத்தில் சின்னப் பிள்ளைகளையும் இழுத்து நிறுத்தி போட்டோ வேறு. எல்லா முகமும் புரொஜெக்டர் லென்ஸைப் பார்த்தபடி...

அண்ணன் குனிந்தபடியே போய், கண்ணுக்கு ஆகாது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று காதில் சொன்னார். கூட வந்த அடிப்பொடி ஒருத்தன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினான். யாருகிட்ட வந்து தள்ளி நிக்கச் சொல்லுத என்று கேட்டான்.

அண்ணன் திரும்பி வந்து ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினார். திரை கறுத்துவிட்டது. என்ன ஆச்சு என்று பெரிய மனுஷர் தானாகவே இறங்கி வந்தார், பிள்ளைகளும் கலைந்தார்கள். உடனே வெளிச்சம் வந்தது.

"வோல்டேஜ் சரியில்ல சார்."

முகத்தில் ஒரு சிரிப்புக் கூட இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் மண்டபத்துக்காரர்கள் பிளக்கைப் பிடுங்க ஓடி வருவார்கள். அண்ணன் பிளக் பாயிண்ட்டை மறைத்துக்கொண்டு நிற்பார். மெஷினுக்குள்ளே ஃபேன் ஓடி விளக்குச் சூடு தணிகிற வரைக்கும் யாரையும் தொட விட மாட்டார். "அது ஆறட்டும்யா. நீ ஓடி வந்து நின்னா ஒனக்கு மூச்சு வாங்காதா?"

இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும்.

ஒரு கிராமத்துக் கல்யாணம். எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு என்று ரெண்டு பேரிடமும் கேட்டார்கள். அதற்குப் பிறகு டீ வந்தது. எனக்கு சில்வர் டம்ளர். அவருக்குப் பேப்பர் கப்.

நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். "குடிலே, ஆறிரும்" என்றார். குடித்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கும் அவர் கயிறு கட்டினார். அதே ரெண்டு சுற்று. கீழே உட்காரப் போகிறவர்கள் அவர்கள்தான்.

போன வருஷம் நான் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தேன். என் இடத்துக்கு முதலாளி வேறு ஆள் போடவில்லை. அண்ணனைத் தனியாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். போனில் பேசும்போதெல்லாம் சொல்லுங்கண்ணே, ஆள் கேளுங்கண்ணே என்பேன். கேட்டாச்சுலே என்பார். அதோடு பேச்சை மாற்றிவிடுவார்.

நேற்று நடந்ததை, அங்கே பந்தல் வேலைக்குப் போயிருந்த மாரியப்பன் போனில் சொன்னான்.

மண்டபத்தில் ஏணி இருந்திருக்கிறது. அலுமினிய ஏணி, புதுசு. ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி மேனேஜரிடம். மேனேஜர் மாப்பிள்ளை வீட்டாரோடு அருவிக்குக் குளிக்கப் போய்விட்டார். சீசன்லா...

அண்ணன் ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். எப்போ மாட்டப் போற என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டிருக்கிறார்கள். கடைசியில் ரெண்டு டைனிங் டேபிளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் சேர் வைத்து ஏறியிருக்கிறார். அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத்தோடு நடந்து நடந்து டைல்ஸ் முழுக்கத் தண்ணீர். மேஜை நகர்ந்துவிட்டது. அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை.

மாரியப்பன் சொன்னதில் ஒரு வரி தூங்க விடமாட்டேன் என்கிறது.

"மெஷினு மேல அப்படியே தொங்குது மக்கா. கயிறு கட்டிட்டாரு. கட்டி முடிச்சிட்டுத்தான் விழுந்திருக்காரு."

சாயந்தரம் ரிசப்ஷன் நடந்தது. அதே புரொஜெக்டரில் மாப்பிள்ளை, பொண்ணு போட்டோ எல்லாம் ஓடியது. அவர் கட்டின கயிறு தாங்கிக்கொண்டிருந்தது. கீழே ஜனங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

இன்றைக்குக் காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. தண்ணி போட்டிருந்தாராம். மண்டபத்து ஆட்கள் சொல்லுகிறார்களாம், கடையிலும் அதையே சொல்லுகிறார்களாம். அவர் பொண்டாட்டி செல்வி அக்காவிடமே போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

நாலு வருஷத்தில் அந்த மனுஷர் குடித்து நான் பார்த்ததில்லை. ஏணி பூட்டிக் கிடந்தது. ஆள் தரவில்லை. அவ்வளவுதான். நேற்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பார்த்ததை அப்படியே போலீஸில் சொல்லுங்கள். போட்டோ, வீடியோ இருந்தால் அழித்துவிடாதீர்கள். அக்காவுக்கு அது வேண்டும்.

நான் பஸ்ஸில் இருக்கிறேன். விடிந்ததும் தென்காசி. மேஜையைப் பிடிக்க வரவில்லை, அவரைத் தூக்கவாவது வருகிறேன்...

மெதுவா ஆறட்டும்ணே. பிளக்க யாரும் புடுங்காம நான் நிக்கேன்.