ஜக்கெற் போட்ட பிறகு கேட்ட போனஸ்

சட்டத்தரணிகளுக்கு வாய் நீளம் என்பார்கள். வேலை கேட்டு நேர்முகத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு சுருங்கும் என்று தெரியும். நீங்களும் என் கட்சிதான் என்று நம்பி எழுதுகிறேன். படித்து முடித்து இரண்டு வருடம் நீதிமன்றத்தில் உதவி நீதிபதியாக இருந்தேன்; நோர்வேயில் புதிதாகச் சட்டம் படித்தவர்களுக்கும் அந்த வேலை கிடைக்கும். அப்படி வருகிறவர்களுக்கு ஒஸ்லோவில் சில சட்ட நிறுவனங்கள் சேரும்போதே போனஸ் கொடுப்பதாகக் கேள்வி. எவை என்று கேட்டால்தானே தெரியும்?

அம்மாவின் உத்தரவு

ஒஸ்லோவின் புறநகரான மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் அம்மாவிடம், நேர்முகத்தில் போனஸ் கேட்கப்போவதாகச் சொன்னேன். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவரின் மருமகனுக்கு என்ன சம்பளம் என்று கூசாமல் கேட்கிற அம்மா பதறிப்போனார். "வேலை கையில வர முதல் காசுக் கதை கதையாதை பிள்ளை. ஆசை பிடிச்சவள் எண்டு நினைப்பினம்!"

வாசலில் வந்த தைரியம்

முதல் நிறுவனத்தில், "கேட்க ஏதாவது உண்டா?" என்று நேர்முகம் நடத்திய பங்குதாரர் இரண்டு தரம் கேட்டார். மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்தேன்.

எங்கள் சனத்தின் வழக்கம் தெரியும்தானே: "போட்டு வாறன்" என்று விடைபெற்று எழும்பி, சப்பாத்தும் போட்ட பிறகுதான் வந்த விஷயம் வெளியே வரும். நானும் ஜக்கெற்றுக்குள் ஒரு கையை விட்டபடி போனஸைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அடுத்தவர் உள்ளே வந்துகொண்டிருந்தார். "நல்ல கேள்வி. உள்ளே இருந்தபோது கேட்டிருந்தால் பதிலும் சொல்லியிருப்பேன்" என்றார் பங்குதாரர்.

ஒத்திகை

அந்த வேலை கிடைக்கவில்லை. இன்னும் ஒரே ஓர் இடம்தான் மிச்சம், உண்மையாகவே பயந்துபோனேன். கணினி வேலை பார்க்கும் என் சிநேகிதி, சென்னைக்காரி காயத்ரி, ஒரு கஃபேயில் தானே பங்குதாரராக உட்கார்ந்து என்னைப் பழக்கினாள். மேசையில் எல்லாம் கதைத்தேன், போனஸைத் தவிர. வெளியே வந்து ட்ராமுக்கு நிற்கும்போதுதான் அது வாயில் வந்தது. "ரேவதி, அவங்களையும் ட்ராம் ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டு வருவியா?" என்றாள் காயத்ரி.

என் சொந்த வழக்கு

இரண்டாவது நிறுவனத்தில் இங்ரிட் என்ற பங்குதாரர். கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் அப்படி ஒரு விதியே தங்களிடம் இல்லை என்றார்.

மறுநாள் தொலைபேசியில் வந்தார். வேலை எனக்குத்தானாம், போனஸ் எவ்வளவு நியாயம் என்று நானே சொல்லவேண்டுமாம். எனக்குப் பழைய நீதிமன்றப் புத்தி வந்துவிட்டது. "இது என் சொந்த விஷயம், நான் தீர்மானிப்பது முறையில்லை" என்றேன். மறுமுனையில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "ரேவதி, நீங்கள் இனி நீதிபதி இல்லை. உங்கள் பக்கத்துக்கு நீங்கள் வாதாடலாம்."

வாதாடினேன், கேட்டதில் பாதிதான் கிடைத்தது, ஆனால் இரண்டு வருடம் ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லியும் வராத சந்தோஷம் அந்தப் பாதியில் வந்தது.