கண்ணாடியில் சிக்கிய துண்டு

கடையில் நான் இருந்தேன். குற்றாலம் ரோட்டில் என் கடை, கார் எலக்ட்ரிக் வேலை. வாடகை வண்டி ஓட்டும் அண்ணாச்சி இருந்தார். அவர் சம்சாரம் பெஞ்சில் இருந்தார், எனக்கு மைனி, அதாவது அண்ணி முறை. பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸோடு வந்து நின்றார்.

மைனிக்கு இளைப்பு. இரண்டு நாளாகக் கூடுதல். சாயங்காலத்துக்குள் திருநெல்வேலிக்கு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். வெளியே சாரல். ஈரக்காற்று பட்டால் மூச்சு அடைத்துக்கொள்ளும். அண்ணாச்சி வண்டியின் பின்கதவுக் கண்ணாடியோ பாதியில் நின்றுவிட்டது. சீசன் நேரம், வேறு வண்டி கிடைக்கவில்லை. பாலித்தீன் ஒட்டிப் பார்த்தோம். தெருமுனை தாண்டுமுன் பிய்ந்தது.

"என்ன செஞ்சீக அண்ணாச்சி?"

"காலையில அருவியில குளிச்ச பார்ட்டி, ஈரத்துண்டைக் கண்ணாடியில கவ்வ வச்சுக் காயப் போட்டாங்க. நூலு உள்ள சுத்திட்டு. கண்ணாடி ஏறட்டும்னு சுவிட்சை விடாம அமுக்கினேன்."

"எதுவரைக்கும்?"

"இங்கன வந்து சேருத வரைக்கும்."

"பாத்தீங்களா தம்பி," என்றார் மைனி. "ஊரான் துண்டு காய என் மூச்சுல்லா போகுது."

"சும்மா இருட்டி," என்றார் அண்ணாச்சி.

துண்டை அப்படிப் போட்டு ஓட்டுவது இங்கே எல்லாரும் செய்வதுதான். யாரைக் குற்றம் சொல்ல.

கதவின் உள்பலகையைக் கழற்றினேன். சுற்றிய நூலைக் குறட்டால் இழுத்தெடுத்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தேன். அசையவில்லை. வயரை மாற்றிக் கொடுத்தேன். அசையவில்லை. அதே வயரில் பல்பு எரிந்தது. அப்புறம் மீட்டரை வைத்தேன். எண் வந்தால் மோட்டாருக்குள் கரண்டுக்கு வழி இருக்கிறது. வராவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது.

வரவில்லை.

"அண்ணாச்சி, அந்தத் துண்டை எடுத்துத் தலையில போடும்," என்றார் டீக்கடைக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

புது மோட்டார் மதுரையிலிருந்து வர வேண்டும். நாளைக்குத்தான்.

மோட்டாரைத் தொட்டேன். கை வைக்க முடியவில்லை. ரொம்பச் சூடானால் உள்ளேயே கரண்டை அறுத்துக்கொள்ளும் மோட்டார் உண்டு. ஆறினால் தானே சேர்ந்துகொள்ளும். எரிந்தே போவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"ஆறணும்," என்றேன்.

"தண்ணி ஊத்தட்டா?"

"ஊத்தினா இருக்கிறதும் போயிரும்."

டீக்கடைக்காரர் அட்டையை எடுத்து வீசினார். அண்ணாச்சியின் கை சுவிட்சுப் பக்கம் போனது. தட்டிவிட்டேன். மைனியின் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. மருந்தை வாயில் வைத்து இழுத்தார். கொஞ்சம் அடங்கியது. பிறகு திரும்பவும் கேட்டது.

மீட்டர் வைத்தேன். இல்லை. பொறுத்து வைத்தேன். இல்லை.

"தம்பி, இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. பஸ்ஸுல போயிருதேன்."

"பஸ்ஸுல ஜன்னலே மூடாதுட்டி," என்றார் அண்ணாச்சி.

மோட்டாரைத் தொட்டேன். இளஞ்சூடு. டீக்கடைக்காரர் வீசுவதை நிறுத்திக் குனிந்து பார்த்தார். மீட்டர் வயரின் முனைகளை வைத்தேன். மீட்டரில் எண் விழுந்தது.

1.8