கந்தோருக்கு வாங்கிய கறுப்புச் சப்பாத்து

யாழ்ப்பாண நகரில் நான் வேலை செய்யும் நிதி நிறுவனம் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருக்கிறது. அதே மாடியின் பின்பக்கத்தில் வீட்டுக்காரரின் சாமியறை. மாடியை வாடகைக்குக் கொடுத்தபோதே, சப்பாத்தோடு ஒருவரும் மேலே ஏறக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டாராம். ஆகவே முகாமையாளரிலிருந்து தேநீர் கொண்டு வருபவர் வரை எல்லோரும் படிக்குக் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறோம். உழவு இயந்திரத்துக்கு லீசிங் கேட்டு வருபவரும் வெறுங்கால், அவருக்கு வட்டி வீதம் சொல்லும் நானும் வெறுங்கால். டென்மார்க்கில் பார்த்துப் பார்த்து வாங்கி வந்த என்னுடைய கறுப்புத் தோல் சப்பாத்து இறப்பர்ச் செருப்புகளுக்கு நடுவே நாள் முழுவதும் கீழே கிடக்கிறது. கந்தோருக்கென்று வாங்கிய அதை நான் ஒரு நாளும் கந்தோருக்குள் போட்டதில்லை. டென்மார்க்கில் ஹேர்னிங் நகரில் இருக்கும் என் சிநேகிதிகளுக்கு இதைச் சொன்னால் நான் பகிடி விடுகிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

நான் பிறந்தது இணுவில். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மாவோடு டென்மார்க்குக்குப் போய், அங்கே முன்னரே போயிருந்த அப்பாவோடு சேர்ந்தோம். வளர்ந்து ஆளாகி, ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கால்விரலுக்கு மேல் இரும்பு வைத்த பாதுகாப்புச் சப்பாத்துத்தான் அங்கே என் உடுப்பில் முக்கியமான பகுதி. மாலையில் கணக்கியல் வகுப்புக்குப் போய்ப் படித்து முடித்தேன். அதன்பிறகு எத்தனை கந்தோர்களுக்கு விண்ணப்பித்தேன் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் மிகவும் மரியாதையாக, வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டோம் என்று பதில் போட்டார்கள். அப்பா காலமான பிறகு அம்மா, இனி இங்கே இருக்கமாட்டேன், இணுவிலுக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நின்றார். எனக்கென்று குடும்பம் ஒன்றும் அமையாததால், அவரோடு போய் இருக்கலாமா என்று யோசித்து, யாழ்ப்பாணத்து நிறுவனம் ஒன்றுக்கு எழுதிப் பார்த்தேன். கணினித் திரையில் நேர்முகம் நடந்தது. வாருங்கள், ஆனால் தகுதிகாண் காலம் முடிந்துதான் நிரந்தரம் என்றார்கள். வேலை நிரந்தரமானால் அம்மாவும் நானும் ஒரே வீட்டில். ஆகாவிட்டால் அவர் இணுவிலில், நான் திரும்பவும் ஹேர்னிங் சலவைக்கூடத்தில். நிலைமை இவ்வளவுதான்.

வாழ்க்கையில் முதல் தடவை கந்தோர் வேலை கிடைத்தவள் என்ன செய்வாள்? சப்பாத்துக் கடைக்கு ஓடினேன். அதுவும் மலிவு விலைக் கடைக்கு அல்ல, காலை அளந்து பார்த்துச் சப்பாத்து எடுத்துத் தரும் பழைய கடைக்கு. அங்கே ஒரு வயதான மனிதர், தலை முழுக்க நரைத்தவர், என் முன்னால் முழங்காலிட்டு என் பாதத்தைக் கையில் எடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா வயதில் ஒருவர் காலடியில் இருந்தால் நாங்கள் எழும்பி நிற்கிற ஆட்கள் அல்லவா? நான் காலை இழுக்க, பெருவிரல் அவருடைய கையில் இடித்துவிட்டது. அடுத்த கணம் என் கை தானாகவே அவருடைய தோளைத் தொட்டு என் கண்களில் ஒற்றிக்கொண்டது. கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. அவர் நிமிர்ந்து பார்த்தபோது தெரிந்தது கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஒரு பெண். பாவம், நான் அழுகிறேன் என்று பதறிப்போய்த் தண்ணீரும் கண் துடைக்கக் கடதாசி லேஞ்சியும் கொண்டுவந்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார்.

எப்படி விளங்கப்படுத்துவது? வாய்க்கு வந்தது, எனக்குக் கந்தோர் வேலை கிடைத்திருக்கிறது என்பதுதான். அதை அவர் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். காசு வாங்கும் பெண்ணையும் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு பேருமாக "டிலூக்க, டிலூக்க" என்று வாழ்த்தினார்கள். இவ்வளவுக்குப் பிறகு சின்னவிரல் பக்கம் கொஞ்சம் இறுக்குகிறது என்று சொல்ல எனக்கு எப்படி மனம் வரும்? வாங்கிக்கொண்டு வந்தேன். கூடவே கறுப்பு நீளக் காற்சட்டை, கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை. டெனிஸ்காரர் பலர் கந்தோருக்குச் சாதாரண ஜீன்ஸோடு போவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் இத்தனை வருடம் கற்பனையில் போட்டுப் பார்த்தது அந்தக் கறுப்புக் கோட்டைத்தான்.

முதல் நாள் காலையில் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, இழவு வீட்டுக்கா போகிறாய் என்று கேட்டார். நல்ல காரியம் தொடங்குகிற அன்று கறுப்பு வேண்டாம் என்று மன்றாடினார். நான் கேட்கவில்லை. கடைசியில், புதுச் சட்டைக்கு ஒரு பொட்டு மஞ்சளாவது வைக்கவிடு என்று, வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டிக்குள் பூசியேவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கோட்டைப் போட்டு மூடிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். மஞ்சள் தெரிந்துவிடுமோ என்று வழி நெடுகக் கழுத்தைத் தடவிக்கொண்டு போனேன். கவலைப்படவேண்டிய இடம் கழுத்து அல்ல என்பது மாடிப்படிக்குக் கீழே நின்றபோதுதான் தெரிந்தது. சப்பாத்துக்குள் கிடப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கையில் அகப்பட்ட காலுறையை, எங்கள் பேச்சில் மேசு, போட்டுக்கொண்டு வந்திருந்தேன். சலவைக்கூடத்தில் நத்தார்ப் பண்டிகைக்குக் கொடுத்தது. நல்ல சிவப்பு, இரண்டு காலிலும் கொம்பு வைத்த மான்.

கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறியிருக்கலாம். அது அந்த நேரம் புத்தியில் படவில்லை. கறுப்புக் கோட்டும் சிவப்பு மேசுமாக மேலே போய், முகாமையாளருக்குக் கை கொடுத்து, எல்லோருக்கும் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முகாமையாளர் என் கால்களைப் பார்ப்பதைத் தவிர்ப்பதற்காக என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே, பெண்கள் இங்கே சேலைதான் கட்டுவது, ஆனால் அவசரமில்லை என்றார். பக்கத்து மேசை தர்சினிதான், வட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் இளம்பிள்ளை, பின்னேரம் என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் உடம்பில் நிற்கிற மாதிரி பருத்திச் சேலைகள் எடுத்துத் தந்தாள். அடுத்த நாள் அம்மா கட்டிவிட்டார். வெற்றி பெற்ற முகத்தோடு கட்டிவிட்டார் என்றும் சொல்லவேண்டும்.

சேலை கட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஆகவில்லை. எங்கள் இருவருடைய மேசைக்கும் ஒரே அலுவல்தான், யாரிடமும் வாடிக்கையாளர் வரலாம். ஆனால் சனம் என் முன்னால் கிடந்த வெறுங்கதிரையைப் பார்த்துவிட்டுத் தர்சினியின் வரிசையில் போய் நின்றது. வடமராட்சிக் கரையிலிருந்து ஓர் அம்மா மாதம் ஒரு தடவை வருவார். தன் கணவருடைய படகு எஞ்சினுக்கு எடுத்த லீசிங்கைக் கட்டுவதற்கு வருபவர். வாருங்கள் என்று நான் கூப்பிட்டும், பரவாயில்லை என்று சொல்லி நின்றபடியே காத்திருந்தார். இன்னொருவர், புகையிலைத் தோட்டம் செய்கிறவர், என் முன்னால் இருந்து பேச்சைத் தொடங்கிவிட்டு, பிறகு வருகிறேன் என்று எழும்பிப் போனவர் வரவே இல்லை. முகாமையாளர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கூப்பிட்டு, உங்களுடைய மேசைக்கும் ஆட்கள் வரவேண்டும், அதை வைத்துத்தான் மேலிடத்துக்கு எழுதலாம் என்று தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மை எனக்குப் பழக்கமானது. டெனிஸ்காரரின் பதில்களும் இப்படித்தான் இருக்கும்.

என் தமிழ் பிழையா என்று யோசித்தேன். நிறம் பிழையா, வயது பிழையா, அந்த மான் மேசின் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டதா என்றெல்லாம் யோசித்தேன். கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிடும்போது, தர்சினியிடமே கேட்டுவிட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. நீங்கள் எந்த நேரமும் காலுக்கு மேலை கால் போட்டுக்கொண்டு இருக்கிறியள். மேசை முன்னாலை திறந்து கிடக்கு. கடன் கேட்டு வாற ஆளுக்கு முன்னாலை உங்கடை உள்ளங்கால்தான் தெரியும்."

எனக்கு முகம் சுட்டது. அதே நேரம், ஏன் என்று தெரியவில்லை, நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. என் தமிழும் பிழையில்லை, நிறமும் பிழையில்லை. கால்தான் பிழை. காலைத் திருத்தலாம்.

ஆனால் அந்தக் கால் அப்படிப் பழகியதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஹேர்னிங்கில், வேலை தேடுபவர்களுக்கு உதவும் ஜொப்சென்டரில் ஒரு பெண் எனக்கு நேர்முகத்துக்குப் பயிற்சி தந்தார். நான் முழங்கால்களைச் சேர்த்து, கையை மடியில் வைத்து, கதிரையின் விளிம்பில் இருந்தேன். பெரியவர்களுக்கு முன்னால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று இணுவிலில் பழக்கியிருந்தார்கள். அவர் பார்த்துவிட்டு, பயந்த ஆள் போல இருக்கிறாய், இப்படி இருந்தால் ஒருவரும் வேலை தரமாட்டார்கள், நன்றாகச் சாய்ந்து, காலுக்கு மேல் கால் போட்டு இரு என்றார். முதலில் ஏதோ பெரிய குற்றம் செய்வது போல் இருந்தது. வீட்டில் அப்பா இல்லாத நேரம் பழகினேன். வகுப்பில் பழகினேன். சலவைக்கூடத்தின் கோப்பி அறையில் பழகினேன். அங்கே தன்னம்பிக்கை என்று பெயர் பெற்றது இங்கே திமிர் என்று பெயர் பெறும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கத் தேவையும் இல்லை, எனக்கே தெரிந்திருக்கவேண்டிய விஷயம். சப்பாத்துக் கடையில் என் கால் யாழ்ப்பாணத்துக் காலாக இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்ததும் அது டெனிஸ்காரியின் காலாகிவிட்டது.

பழக்கத்தை விடுவது சேலை கட்டுவதைவிடக் கஷ்டம். கணினியில் கண் போனதும் கால் தானாக ஏறும். தர்சினி தொண்டையைச் செருமுவாள், நான் இறக்குவேன். இது சரிவராது என்று மேசைக்குக் கீழே கிடந்த, கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியை நடுவில் இழுத்துவைத்து, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காலை விட்டுக்கொண்டேன். பார்க்க வடிவாக இருக்காது, ஆனால் சேலை மூடிக்கொண்டது. சேலையால் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான உதவி அதுதான். அடுத்தடுத்த கிழமைகளில் ஒருவர் வந்து இருந்தார், பிறகு இன்னொருவர். புகையிலைக்காரர் தன்னுடைய மருமகனோடு வந்தார். தகுதிகாண் காலம் முடிந்த வெள்ளிக்கிழமை முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, நிரந்தரமாக்கியாயிற்று என்றார். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அம்மா, அந்த மஞ்சள் பொட்டின் பலன் என்று ஊர் முழுக்க அறிவித்தார். நான் மறுக்கவில்லை. அன்றிரவு எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். சின்னவிரலும் நிம்மதியாகத்தான் இருக்கிறது. இறுக்கமான சப்பாத்துக்குள் நாள் முழுக்கக் கிடக்கவேண்டும் என்ற விதி அதற்கு இல்லாமற் போய்விட்டது.

ஆனால் என்னைக் கேட்டால், எனக்கு வேலை நிரந்தரமானது அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை. அன்று வடமராட்சி அம்மா வந்தார். தர்சினி சும்மாதான் இருந்தாள். அவர் அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார், நேராக வந்து என் முன்னால் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவர் தவணை கட்டும் அட்டையை வாங்கிப் பதிந்து, பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கினேன். பேனையைத் திருப்பித் தரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பிள்ளை எவ்விடம்?"

"இணுவில்," என்றேன். வழக்கமாக அதோடு டென்மார்க்கையும் சேர்த்துக்கொள்வேன். அன்று சேர்க்கவில்லை.

"ஓம், இணுவில். வெளிநாட்டிலை எவ்விடம்?"

சேலையைக் குனிந்து பார்த்தேன், மடிப்புக் குலையவில்லை. கால்கள் பெட்டிக்கு இரண்டு பக்கமும் அடக்கமாக இருந்தன. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"அட்டையைத் தந்தன், நன்றி எண்டியள். கையெழுத்து வைச்சன், நன்றி எண்டியள். உங்கடை பேனையை உங்களிட்டைத் தந்தன், அதுக்கும் நன்றி. எங்கடை ஆக்கள் உயிரைக் காப்பாத்திவிட்டாத்தான் உந்த நன்றியைச் சொல்லுவினம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தர்சினி திரைக்குப் பின்னால் தலையைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். டென்மார்க் என்று உண்மையைச் சொன்னேன். நல்ல குளிரோ என்று கேட்டார், ஓம் என்றேன். அவர் பற்றுச்சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த மாதமும் உங்களிடமே வருகிறேன் என்று எழும்பினார். இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டதும் அது தானாக வந்துவிட்டது.

"நன்றி."

படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார்.

"உது இருந்திட்டுப் போகட்டும், பிள்ளை," என்றார்.