அம்மா தட்டிப் பார்த்த தோட்டா

திண்டுக்கல் பாத்திரக் கடையில் நேற்று ஒரு பெண் பித்தளைச் செம்பைக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்தாள். அந்தக் கணீர் சத்தத்தில் நான் ஏழெட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளில் சிறுமலை அடிவாரத்தில் எங்களுக்குக் கடலைக் காடு இருந்தது. பன்றி விரட்ட அப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி. சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளில் அவரே மறுபடி வெடிமருந்து அடைப்பார். எந்தக் கூடு தேறும் என்று சொல்வது மட்டும் அம்மாவின் வேலை. குடம் வாங்குகிற மாதிரியே ஒவ்வொன்றையும் சுண்டிக் கேட்பார், விளிம்பை நகத்தால் தடவுவார்.

ஒருமுறை மிஞ்சியிருந்த கடைசிக் கூட்டைச் சுண்டியதும் அம்மாவின் முகம் மாறியது.

"சத்தம் அடைச்ச மாதிரி இருக்குங்க. கீறல் விட்டிருக்கு."

"அது ராசியான கூடுடி. இதுல சுட்டா பன்னி மலையேறித்தான் நிக்கும்."

"பன்னி ஓடிரும். வெடிச்சு ஒங்க கண்ணு போச்சுன்னா, யாரு கையப் புடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிப் போறது?"

அப்பா அதைச் சட்டைப் பையில் போடப் போனார். அம்மா பிடுங்கி, அம்மியில் வைத்துக் குழவியால் ஒரே போடு. கூடு சப்பையாகிவிட்டது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தால், ராத்திரி பன்றிகள் புகுந்து காடு உழுது போட்ட மாதிரி கிடந்தது. அப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"ரெண்டு கண்ணுலயும் நல்லாத் தெரியுதுடி. அம்புட்டும் போச்சு."

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.